ஏறாதவனின் மர சாஸ்திரம்

கோழைக்கு ஊரில் மரியாதை இல்லை. அதே கோழைத்தனத்தைப் 'பாதுகாப்பு விதி' என்று சொல்லிப் பாருங்கள், ஊர் தலையாட்டும். என் வீட்டில் மட்டும் அதுவும் செல்லாது.

கொல்லையில் ஒரு முருங்கை, வாசலில் ஒரு வேம்பு. மழைக்காலம் வந்தால் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். "ஒடிச்சு வளர்க்க வேண்டிய மரத்தை இப்படி ஓங்க விட்டிருக்கீங்களே, ஏறி நாலு கிளையைக் கழிக்கக் கூடாதா?" என்பாள் மனைவி.

முருங்கைக் கிளை முன்னறிவிப்பில்லாமல் படக்கென்று ஒடியும், அதில் ஏறவே கூடாது என்பேன். "வேதாளம் ஏறலையா?" என்பாள். வேதாளத்துக்கு என்ன, அது குடியிருப்பதே பிணத்துக்குள். விழுந்தாலும் புதிதாக நஷ்டமில்லை. முருங்கைக்குத் தரையில் நின்று தொரட்டி போட்டால் போதும். அதிலும் கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது.

வேம்பு தொரட்டிக்கு மசியாது, ஏணி வேண்டும். ஏணிக்கும் சாஸ்திரம் உண்டு. சாய்க்கும் இடம் 12 அடி உயரமென்றால் ஏணிக்கால் 3 அடி தள்ளி நிற்க வேண்டும், நாலுக்கு ஒன்று. அரிவாளோடு ஏறக் கூடாது. மேலே போனபின் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கால், இரண்டு கை ஆகிய நாலில் எப்போதும் மூன்று பிடிப்பில் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் கைக்குத்தான் வேலை. எனக்கு அப்படிக் கை எதுவும் மிஞ்சுவதில்லை. நாலும் ஏணிக்கே பற்றவில்லை.

12 அடியிலிருந்து விழுந்தால் தரைக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது. வந்து சேரும் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஸ்கூட்டரை அதே வேகத்தில் ஓட்டினால் "மாட்டு வண்டியா ஓட்டறீங்க?" என்று கேட்பவள், மரத்திலிருந்து நான் அந்த வேகத்தில் வருவதற்கு மட்டும் ஆட்சேபம் சொல்லவில்லை.

போதாக்குறைக்கு, வேம்பின் ஒரு கிளை மின்கம்பியை எட்டிப் பார்க்கிறது. பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். அலுமினிய ஏணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மரத்தில் கை வைக்கலாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஒரு வைகாசியையும் ஆனியையும் ஓட்டிவிட்டேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்ததும் அவளே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, லைன் நிறுத்தும் நாளுக்கு மரம் வெட்டுபவரையும் வரச் சொல்லிவிட்டாள். வந்தவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டுப்போன கிளைகளைப் பார்த்துக்கொண்டார். மேலே போய், இடுப்புப் பெல்ட்டின் கயிற்றைத் தலைக்கு மேலிருந்த பருத்த கவையில் கட்டினார். வெட்டப்போகும் கிளைக்குத் தனிக் கயிறு. கிளையை முதலில் அடிப்புறம் கொஞ்சம் அறுத்தார். பிறகு சற்று நுனிப் பக்கமாகத் தள்ளி மேலிருந்து அறுத்தார்.

"மேலே மட்டும் அறுத்தா பட்டையோட உரிஞ்சுக்கிட்டு நம்ம பக்கமே திரும்பும் சார்" என்றார்.

எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "நுனியில உட்கார்ந்து அடியை வெட்டிடாதீங்க!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். அவர் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எனக்குக் கயிறு இருக்கு சார். கீழே நிக்கற உங்களுக்கு என்ன இருக்கு? ஹெல்மெட்கூட இல்ல. உள்ளே போங்க."

என் சாஸ்திரம் முழுவதும் தரை பத்திரமான இடம் என்ற நம்பிக்கையில் கட்டியது. அதையும் அறுத்துக் கீழே போட்டுவிட்டார். உள்ளே போனேன்.

"சும்மாதானே நிக்கறீங்க? பரண்ல இருக்கற அண்டாவை இறக்குங்க" என்றாள் மனைவி.

பரண் 8 அடி. விதிப்படி ஏணிக்கால் 2 அடி தள்ளி நிற்க வேண்டும். மிகச் சரியாக அந்த இடத்தில் அடுப்பு இருக்கிறது. வீட்டைக் கட்டிய கொத்தனார் வாழ்க!