செக்குக்கு என்ன மரியாதை?

கேள்வி: 'ஆனர்' என்றால் மரியாதை செய்வது என்று படித்தேன். பெங்களூரு வியாபாரி தக்காளிக்குக் கொடுத்த செக்கை, 'டிஸ்ஆனர்' என்று பேங்கில் திருப்பிவிட்டார்கள். செக்குக்கு என்ன மரியாதை?
– ஒரு வாசகர், ராயக்கோட்டை.

பதில்: மரியாதை காகிதத்துக்கு இல்லை, கையெழுத்துப் போட்டவரின் வாக்குக்கு! ஆளை 'ஆனர்' செய்தால் சால்வை, மாலை. வாக்கை, கடனை, ஒப்பந்தத்தை 'ஆனர்' செய்வதென்றால் சொன்னபடி நடப்பது. 'ரெஸ்பெக்ட்' மனசுக்குள்ளேயே இருக்கலாம். 'ஆனர்' செய்ய, செக் விஷயத்தில், பணம் வந்தாக வேண்டும்.

வாக்கை 'ஆனர்' செய்ததற்கு உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு கதை உண்டு. திப்பு சுல்தான் வசமிருந்த உங்கள் ஊர்க் கோட்டை 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு ஒப்பந்தம் போட்டார்: பாராமகால் பகுதி கைவிட்டுப் போயிற்று, அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு. பாக்கித் தவணைக்கு ஈடாகத் தன் மகன்கள் இருவரையே அனுப்பினார். தவணையைக் கட்டி முடித்தார். 1794-ல் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்கையும் 'ஆனர்' செய்த மனிதர் அவர்!

உங்கள் வியாபாரிக்கு வருவோம். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு உங்கள் பக்கம். பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அது வியாபாரிக்குக் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுங்கள். 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வழக்குக்காக பெங்களூருக்கு அலைய வேண்டாம். உங்கள் கணக்கில் போட்ட செக் என்றால், 2015 திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டே போதும்.