ரம்பத்துக்கு மார்க்கர் எதற்கு?

சந்தன மரத்துக்கு நம் நாட்டில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. 1792இல் திப்பு சுல்தான் அதை சர்க்கார் மரமாக்கினார். மன்னர் போனார், சர்க்கார் போகவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது அரசுச் சொத்து என்று இரண்டு நூற்றாண்டு ஓட்டினோம். 1998இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது. இப்போது அதன் டிஎன்ஏவுக்கும் மரியாதை.

ஜவ்வாது மலை, சத்தியமங்கலம், மறையூர் என்று ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் நாலு இலை கிள்ளுவார்கள். சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, திரவ நைட்ரஜன் ஊற்றிக் கல்வத்தில் அரைத்து டிஎன்ஏ பிரிப்பார்கள். அதில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். அதுதான் மைக்ரோசாட்டிலைட் மார்க்கர். எது எதற்கு உறவு, எந்தக் காட்டில் மரபுவளம் வற்றிவிட்டது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். கருவியில் ஒரு குற்றமும் இல்லை.

தாய்மரத்தை வெட்டினால் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பும். கணக்கெடுக்கப் போனவர் கண்ணுக்கு அது முப்பது மரம். மார்க்கருக்கு ஒரே மரம். பதிவேட்டில் ஏறுவது முப்பதுதான். (சந்தனம் பக்கத்து மரத்தின் வேரை உறிஞ்சி வாழும் பாதி ஒட்டுண்ணி. இந்தப் பதிவேடுகளை நம்பி வாழ்பவை முழு ஒட்டுண்ணி.)

காட்டில் உண்மையான தேர்வு நடத்துகிறவன் வேறு ஆள், மரக் கடத்தல்காரன். தண்டில் துளை போட்டு வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறான். பாய்ந்திருந்தால் ரம்பம், இல்லையென்றால் பிழைத்துப் போ என்று விட்டுவிடுகிறான். சீக்கிரம் வைரம் பாயும் நல்ல சாதி முதலில் லாரி ஏறுகிறது. அவனுக்குக் கல்வமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அவன் கழித்துப் போட்ட மிச்சத்தில் நாம் இலை கிள்ளி, மரபுவளம் குறைகிறது என்று கண்டுபிடித்து, "பாதுகாப்பு அவசியம்" என்று கட்டுரையை முடிக்கிறோம். ராத்திரி அந்தப் பாதுகாப்பைச் செய்ய வேண்டியவர் கையில் ஒரு தடியோடு தினக்கூலிக்கு நிற்கிறார்.

முன்பெல்லாம் பழி போட சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் இருந்தான். அவன் செத்தது 2004இல். அதற்குப் பிறகு வெட்டப்பட்ட மரங்களுக்கு யார் பெயரை எழுதுவது?

ஆய்வாளர் பெருமக்களே, போன முறை இலை கிள்ளிய ஒவ்வொரு மரத்துக்கும் உங்கள் நோட்டில் ஜிபிஎஸ் எண் இருக்கிறது. அந்த இடத்தில் இன்று நிற்பது மரமா, அடிக்கட்டையா என்று பார்த்துவிட்டு அடுத்த நிதிக்கு விண்ணப்பம் போடுங்கள்.