மூன்று நிமிட வேலை

கேள்வி: விமான நிலையத் தீயணைப்பு வீரராக என்ன தகுதி வேண்டும்? விபத்தில்லாத நாளில் சும்மா உட்கார்ந்தே சம்பளமா? (ஒரு வாசகர், ஜீடிமெட்லா)

பதில்: இந்திய விமான நிலைய ஆணையம் கேட்பது பிளஸ் டூ, அல்லது பத்தாவதோடு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் பிரிவுகளில் ஒரு டிப்ளமோ. ஓட்டுநர் உரிமமும் அவசியம். பிறகு ஓட்டம், கயிறு ஏறுதல், ஏணி ஏறுதல், ஆளைத் தூக்கிச் செல்லுதல் என்று உடம்பையும் சோதிப்பார்கள். (உங்கள் ஊர் ஷம்ஷாபாத் விமான நிலையம் ஜிஎம்ஆர் என்ற தனியார் நிறுவனத்தின் வசம்; அங்கே தனியாக விசாரியுங்கள்.)

சும்மாவா? அழைப்பு வந்த 3 நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் போய் நுரையைப் பீய்ச்ச வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்குத்தான் தினமும் வண்டிச் சோதனை, ஒத்திகை. ஜீடிமெட்லா சிக்னலில் 3 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நகர்வீர்கள்? வருஷம் முழுக்க வேலை வராமலிருக்க வேண்டும் என்று முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே கும்பிடும் உத்தியோகம் இது ஒன்றுதான்!