முன்னால் நிற்கும் ஆள்

ரூபிகான் தடத்தில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பாறை தெரியாது. பானெட்டும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும்தான் தெரியும். முன்சக்கரம் எந்தக் கல்லில் ஏறப்போகிறது, அடியில் தொங்கும் டிஃபரன்ஷியல் எதில் இடிக்கப்போகிறது என்பதெல்லாம் பத்தடி தள்ளி நின்று கைகாட்டும் ஆளுக்கே வெளிச்சம். 1980களின் கடைசியில், கலிபோர்னியாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், நானும் ஒரு கோயம்புத்தூர் நண்பரும் பழைய ஸ்கவுட் வண்டி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டி, சியரா நெவாடா மலைக்கு ஓட்டிக்கொண்டு போன நாட்களில், எங்களுக்கு அந்தக் கையை விட்டால் வேறு கண் கிடையாது.

“வாங்க வாங்க... வலப்பக்கம் ஒடிச்சு வுடுங்க... போதுமுங்க, அப்படியே நில்லுங்க!” என்று நண்பர் பின்னோக்கி நடந்தபடியே சொல்லுவார். அவருடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். நூலளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அங்கே வாய்த்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அமெரிக்கர்களும் தங்கள் முறை வந்ததும் அவரையே முன்னால் நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். அவர் அதே கொங்குத் தமிழில் கத்துவார். விரலும் உள்ளங்கையும் சொன்னது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரி வரை மலையைக் குறுக்கே தாண்டும் அந்தத் தடம் சுமார் 22 மைல். நடந்து போகிறவர் வண்டியைச் சுலபமாக முந்திவிடுவார். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், தடத்தின் நடுவே ரூபிகான் ஊற்றருகில் ஒரு ஹோட்டலே இருந்தது, அதற்குக் குதிரை வண்டியில் விருந்தாளிகள் வந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? மண்ணெல்லாம் மழையிலும் பனியிலும் கரைந்து ஓடியபின் மிஞ்சிய எலும்புக்கூட்டின் மீதுதான் நாங்கள் ஓட்டினோம். உலகப் போருக்குப் பிறகு ஜீப்புகள் ஊருக்குள் புழங்க ஆரம்பித்ததும், 1953-ல் ஜார்ஜ்டவுன்காரர்கள் ஜீப்பர்ஸ் ஜம்போரி என்று கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். அது இன்றும் நடக்கிறது.

ஜீப் எனக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூரில் வளர்ந்தவனுக்கு, விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு உறுமிக்கொண்டு போகும் ஜீப்தான் அலாரம். அது மகிந்திரா. வில்லிஸ் கம்பெனியின் அமெரிக்க ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வழியில் வந்தது. அதன் தாய்வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு நான் ஜீப்பைத் தேடாமல் ஸ்கவுட்டில் போய் விழுந்ததற்கு நண்பர்தான் காரணம். “டிராக்டர் செய்யறவங்க செஞ்ச வண்டிங்க, கழட்டி மாட்ட பயப்படவே வேண்டாம்” என்றார்.

உண்மைதான். டிராக்டரும் லாரியும் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கவுட்டுகளைச் செய்தது. முதல் ஸ்கவுட்டுக்குச் சின்ன எஞ்சின் தேவைப்பட்டபோது புதிதாக ஒன்றை வரைந்துகொண்டு உட்காராமல், தங்கள் எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கத்து நான்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அது பானெட்டுக்குள் ஒருக்களித்தே படுத்திருக்கும். எங்களுடையது பிந்தைய ஸ்கவுட் 2, முழு எட்டு சிலிண்டர். அதே எஞ்சின் குடும்பம் பள்ளிக்கூட பஸ்களிலும் ஓடியதால் காயலான் கடையில் எதற்கும் பஞ்சமில்லை.

அந்தக் காயலான் கடைச் சனிக்கிழமைகளை எப்படிச் சொல்வது! வாசலில் சில டாலர் கட்டினால் ஸ்பேனர் பெட்டியோடு உள்ளே விடுவார்கள். வெயிலில் காய்ந்த கிரீஸ் நாற்றம், காலடியில் உடைந்த கண்ணாடி, வரிசை வரிசையாகப் படுத்துக் கிடக்கும் வண்டிகள். ஒன்றிலிருந்து கியர்பாக்ஸ், இன்னொன்றிலிருந்து ஸ்பிரிங் பட்டை, மற்றொன்றிலிருந்து ஜாயின்ட் கிராஸ் என்று கழற்றிச் சேர்ப்போம். எங்களுக்கு வாய்த்தது டி-19 கியர்பாக்ஸ். அதன் முதல் கியர் 6.32, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.03, ஆக்சில் 3.73. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 48 வரும். எஞ்சின் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்ற அந்தக் கணக்கை நண்பர் கராஜ் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார். நடுச்சாமத்தில் அதைப் பார்த்து இருவரும் பூரித்துப்போய் நிற்போம். நீங்களும் ஏதோ ஒரு ராஜ்தூத்தையோ அம்பாசடரையோ முற்றத்தில் பிரித்துப் போட்டவராக இருந்தால், இந்தப் பூரிப்பு உங்களுக்குப் புரியும்.

தடத்தின் வாயில் இறங்கி, குனிந்து, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் இருக்கும் ஹப் வளையத்தைத் திருகிப் பூட்டவேண்டும். டயர் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடவேண்டும். அந்த உஸ்ஸென்ற சத்தம் வரிசையில் நிற்கும் எல்லா வண்டிகளிலிருந்தும் ஒருசேரக் கேட்கும்போது பேச்சு தானாகத் தொடங்கும். இன்று காற்றை இறக்குவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹப்புக்காகக் குனியும் வேலை போய்விட்டது, உள்ளே உட்கார்ந்தபடியே எல்லாம் ஆகிறது.

கடைசியில் வரும் காடிலாக் ஹில்தான் எங்களுக்குப் பரீட்சை. மூக்கு வானத்தைப் பார்த்ததும் கார்பரேட்டருக்குள் மிதவை நிலைகுலையும், பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சுமுட்டும், குப்பென்று வாசனை வரும், அப்புறம் நிசப்தம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பிரேக்கையும் கிளட்சையும் மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் அழுத்த நமக்கு மூன்று கால் இல்லை. கிளட்சைத் தொடவே கூடாது என்பதை அந்தத் தடத்து மூத்தவர்கள்தான் கற்றுத்தந்தார்கள். லோ ரேஞ்சில் முதல் கியரிலேயே வைத்துச் சாவியைத் திருகு. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போதே அத்தனை கனத்தையும் அங்குலம் அங்குலமாக மேலே தள்ளும், அந்த ஊர்தலிலேயே எஞ்சின் உயிர்பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு உண்டான மோட்டார் அளவே இருக்கும் ஒரு பொருள் வண்டியை மலையேற்றுவதை முதன்முதலாக உணர்ந்த கணம் இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நண்பர் கோயம்புத்தூருக்குத் திரும்பி அப்பாவின் பட்டறையை எடுத்துக்கொண்டார். ஸ்கவுட்டை விற்றோம். அப்போது ஃபோர்டின் பழைய பிராங்கோவும் எங்கள் ஸ்கவுட் போன்றவையும் வீட்டுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கும் சாமான்கள். இன்றோ 1966–77 காலத்து பிராங்கோவைப் புதுப்பித்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்கிறார்கள். அத்தனை விலை கொடுத்தவருக்கு அதைக் கல்லில் உரச எப்படி மனம் வரும்? வண்டிக்குக் கிடைத்த மரியாதை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது பிறந்தது கல்லில் உரசத்தான்.

தடமும் மாறியிருக்கிறது, அது நல்லதற்கே. எண்ணெய் சிந்தியும் கழிவு சேர்ந்தும் ஓடைகள் கெட்டதால் 2009-ல் மாநிலத்தின் வட்டார நீர்த்தர வாரியம் சீர்செய்யச் சொல்லி உத்தரவிட்டது. இப்போது எண்ணெயை உறிஞ்சும் துணி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தவன் நான், இந்தச் சட்டத்தை இரு கையாலும் வரவேற்கிறேன்.

போன கோடையில் அண்ணன் மகள் அவளுடைய புது ஜீப் ராங்லரில் என்னை அழைத்துப்போனாள். தடத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட மாடல், கையால் கியர் போடுவது, லோ ரேஞ்சில் முதல் கியரில் 84. சாக்பீஸ் கணக்கு நினைவுக்கு வந்து நெஞ்சு நிறைந்தது. பெரிய பாறைக்கு முன் நான் பழக்கத்தில் கதவைத் திறந்தேன்.

“எதுக்கு சித்தப்பா இறங்குறீங்க? பாறை இங்கயே தெரியுது பாருங்க” என்று திரையைக் காட்டினாள். வண்டியின் முகத்தில் கேமரா. கல்லின் பாசிகூடத் தெரிந்தது. துல்லியம்தான். ஆனாலும் நான் இறங்கினேன். முன்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது, அவர் முகத்தில் பயம் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும், அதைத் திரை காட்டாது. “சரி, நின்னு காட்டுங்க” என்றாள். பின்னோக்கி நடந்தபடியே கத்தினேன். என்னையறியாமல் “ஒடிச்சு வுடும்மா” என்றுதான் வந்தது.

காடிலாக் ஹில்லில் அவள் எஞ்சின் அணையவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினுக்குச் சரிவும் சமதளமும் ஒன்று. பாதி ஏற்றத்தில் நானே அணைக்கச் சொன்னேன். கிளட்சைத் தொடாமல் ஸ்டார்ட் பண்ணு என்றதும், கிளட்ச் மிதிக்காவிட்டால் இந்தக் காலத்து வண்டி கிளம்பாது என்றாள். லோ ரேஞ்சில் கிளம்பும், அந்தப் பழைய வித்தைக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், அவளுடைய கையேட்டிலேயே இருக்கிறது. தயங்கித் தயங்கி பட்டனை அழுத்தினாள். வண்டி ஒரு சாண் முன்னால் ஊர்ந்து, அப்புறம் உறுமியது. அவள் என் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவை பண்றேன் சித்தப்பா” என்று மறுபடியும் எஞ்சினை அணைத்தாள்.