குருவும் ஜாபிதாவும்

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, 1732-இல் சதுரகராதியையும் தந்த வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் சிஷ்யர்களைச் சிருஷ்டித்தபோது, இன்றைய செயற்கை நுண்ணறிவு முகவர்களைத்தான் தீர்க்கதரிசனமாகக் கண்டாரோ என்பது என் சந்தேகம். வழியில் விழுவதையெல்லாம் எடுக்கும்படி குரு சொன்னதும் குதிரை லத்தியையும் பக்தியோடு ஏந்தி வந்தவர்கள், எடுக்கவேண்டியவற்றுக்கு அவர் ஜாபிதா எழுதித் தந்த பின், பள்ளத்தில் விழுந்த குருவையே, அதில் அவர் இல்லையென்று தூக்க மறுத்தார்கள். நம் பொறியாளர்களோ, முகவரிடம் கொடுக்கும் மென்பொருட் கருவிக்கு ‘தேவைக்கேற்ப உபயோகிக்கவும்’ என்று ஒரே வரியில் விளக்கமெழுதிவிட்டு, முகவர் லத்தியோடு வந்து நிற்கையில் அதன் புத்தியை நிந்திக்கிறார்கள். குரு நிந்திப்பதோடு நிற்கவில்லை. பள்ளத்தில் கிடந்தபடியே எழுத்தாணியை வாங்கி, ஜாபிதாவில் தம்மையும் சேர்த்தார். உடனே தூக்கிவிட்டார்கள்.