முட்டிக்கு முன்னால் ஒரு பெட்டி

முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் யாரும் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். போன வாரம் மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறிய கட்டுரையாளர், பீரோவுக்கும் பாத்திர மூட்டைக்கும் காவலாகக் குட்டி யானையின் முன்சீட்டில் ஏறினார். ஏறிய வேகத்தில் முட்டி ணங்கென்று ஒரு பெட்டியில் இடித்தது. டேஷ்போர்டுக்குக் கீழே எல் ஆங்கிள் அடித்து, பிளைவுட் முடுக்கி, மரக்கலர் மைக்கா ஒட்டி, மூலையை மட்டும் தேய்க்காமல் விட்ட புத்தம்புதுப் பெட்டி.

"சாமான் வைக்கப் போட்டது சார். காலைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக்குங்க" என்றார் ஓட்டுநர்.

"உள்ளே என்ன தம்பி இருக்கு?"

திறந்து காட்டினார். இன்னொரு பெட்டி மாட்டுவதற்கான ஸ்க்ரூவும் கிளாம்பும் இருந்தன.

கேபினுக்குள் இடம் கூட்டச் சரியான வழி ஒன்று உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், இருக்கிற இடம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 2005-இல் இந்தக் குட்டி யானை, அதாவது டாட்டா ஏஸ், வந்தபோது அதன் கணக்கு எளிமையாக இருந்தது: இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம், முன்னால் இரண்டு பேர். வண்டியின் அகலமே ஒன்றரை மீட்டர்தான். கேபினைச் சுருக்கினால்தான் பின்னால் பாரம் ஏற்ற இடம் நீளும். அதனால் இன்ஜினையே சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் ஏதாவது வைத்துக்கொள்ளலாமே என்று இந்த வண்டிக்காரரிடம் யோசனை சொல்கிறவர் காரிலேயே போய்ப் பழகியவராக இருக்க வேண்டும். இங்கே சீட்டுக்கு அடியில் வைத்தால் தயிர்சாதம் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு முறை வெந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பெட்டி வியாதி வசதியானவர்களுக்கு வருகிறது. அங்கே 1977 முதல் மற்ற பிக்கப்புகளை விட அதிகமாக விற்கும் ஃபோர்டு எஃப் வரிசையில், 2021 மாடல் எஃப்-150-க்குப் பின்சீட்டின் அடியில் பூட்டுப் போடும் பெட்டியே கொடுத்தார்கள். வேண்டாத நேரத்தில் மடக்கித் தரையோடு படுக்க வைத்துவிடலாம். கியர் லிவர் ஒரு பொத்தானுக்குக் குனிந்து படுத்துக்கொள்ள, அந்த இடம் லேப்டாப் வைக்கும் மேசையாகும். 2019 செவ்ரோலே சில்வராடோவில் பின்சீட்டின் முதுகுக்குள்ளேயே அறை. இத்தனையும் இரண்டு மீட்டர் அகல வண்டிக்குள். இதற்கு மேலும் அங்கே ஆட்கள் பெட்டி வாங்கி மாட்டுகிறார்கள் என்பதுதான் கட்டுரையாளருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

நம் ஊர் கேபினில் முதல் ஆக்கிரமிப்பு சன்வைசர். ஜி.பி. ரோடு கடைகளில் விற்ற அந்தக் கறுப்பு ரெக்சின் பவுச் வாசகர்கள் வண்டியிலும் இருக்கும். சிடி செருகுவதற்காகத் தைத்தது. சிடி போய்விட்டது, சிடி பிளேயர் போய்விட்டது, பவுச் மட்டும் கொழுத்துக்கொண்டே வருகிறது. தாம்பரம் போகும் வழியில், வெயிலுக்காக வைசரை இறக்கப் போன கட்டுரையாளரின் கை அந்தப் பவுச்சில் பட்டது. பட்டதும், கீழடியில் குழி தோண்டியதைப் போல அடுக்கடுக்காக வெளிவந்தது வரலாறு. மேலடுக்கில் போன மாதத்து டீசல் பில். எழுத்து முழுக்க அழிந்து, வெறும் வெள்ளைத் தாளாக, ஆனால் பத்திரமாக. அதற்குக் கீழே சுங்கச்சாவடி ரசீதுகள். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலேயே கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்தைய ரசீதுகள் ரப்பர் பேண்டு போட்டுக் காத்திருக்கின்றன, யாரோ ஒரு நாள் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று. அதற்கும் கீழே ஆர்.சி. ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ், காலாவதியான இன்ஷூரன்ஸ், காலாவதியாகாத இன்ஷூரன்ஸ், இரண்டில் எது எது என்று குழப்பம் வராமல் இருக்க இரண்டையும் சேர்த்துக் குத்திய ஸ்டேப்ளர் பின். டிஜிலாக்கரில் காட்டினாலே போதும் என்று 2018-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அதே ஆண்டு வந்த இ-வே பில்லுக்கும் தாள் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் போதும். ஓட்டுநரின் போனில் எல்லாமே இருக்கிறது. ஆனால் போனில் சார்ஜ் இறங்கிவிட்டால்? அதற்காகப் பவுச். பவுச் நிறைந்துவிட்டால்? அதற்காகக் கதவில் வலைப்பை. வலைப்பை நிறைந்தால் சீட்டு முதுகில் தொங்கும் பை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "பழைய பவுச் சார்" என்றார்.

போனை வைக்க ஹோல்டர். அதில் போன் இல்லை, பீடிக்கட்டு இருந்தது. போன், டேஷ்போர்டில் பிள்ளையாருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நடுவே சாய்ந்திருந்தது.

இத்தனை பெட்டி, பை, பவுச் இருந்தும் மிக்ஸி ஜாரையும் சாமி படத்தையும் வைக்கக் கேபினில் இடமில்லை. குரோம்பேட்டை தாண்டும்வரை இரண்டும் கட்டுரையாளரின் மடியில்தான் வந்தன. இதில் ஓட்டுநருக்கு எந்த வெட்கமும் இல்லை. "அதெல்லாம் வண்டி சாமானுக்கு சார்" என்றார்.

கோபம் முட்டியினால் மட்டும் வந்ததல்ல. தலைக்கு மேல் தட்டு அடிக்கிறார்கள்; அதில் ஜாக்கியை வைக்கிறார்கள். முன்னால் போகிற ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றச் சட்டென்று நிற்கும் ஊர் இது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், ஜாக்கி நிற்காது. அதைவிட மோசம் தண்ணீர் பாட்டில். தட்டிலிருந்து விழுந்து உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால், மிதிக்கிற மிதி பாட்டிலுக்குத்தான் போகும், பிரேக்குக்கு அல்ல. இதைச் சொன்னால் பாட்டில் வைக்கத் தனி ஸ்டாண்டு அடித்துவிடுகிறார்கள். அந்த ஸ்டாண்டுக்கு ஓட்டை போடும்போது ட்ரில் பிட் உள்ளே ஓடும் ஒயரையும் தொட்டுவிட்டு வரும். அப்புறம் ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் போய் நிற்க வேண்டியது. எலக்ட்ரீஷியன் ஒரு ஃபியூஸைப் பையில் போட்டுக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வார். அதை எங்கே வைப்பது?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற ஆசாரிகள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். படுக்கை, துணி வைக்க அலமாரி, சாமிக்கு மாடம் எல்லாம் கச்சிதமாக அமைத்துக் கொடுப்பார்கள். ஆனால் அது பத்துச் சக்கர லாரி. அந்த வித்தையை ஒன்றரை மீட்டரில் காட்டச் சொல்வது அவர்களுக்கும் அவமானம்.

சரியான வழி பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் எஃப்.சி. விஷயம் ஒன்று. எட்டு வயது வரைக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதிகாரி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று, முதல் நாளே எல்லாப் பெட்டியையும் கழற்றி மெக்கானிக் ஷெட்டில் வைத்துவிடுவார்களாம். அந்த ஒரு நாள் கேபினில் காலை நீட்டி உட்காரலாம். சான்று வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்த்தால், அந்தப் பெட்டிகளில் மெக்கானிக் தன் ஸ்பேனர்களை அடுக்கி வைத்திருப்பார். கேட்டால், "விடுண்ணே, இன்னும் பெரிசா ஒண்ணு அடிச்சுத் தர்றேன்" என்பார்.