கடற்கரை மணலில் மோட்டார் சைக்கிள் சரிதல்: ஓர் அமுக்கவியல் ஆய்வு

பெருநாள் பின்னேரம் சாய்ந்தமருதுக் கடற்கரையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், உடையவர் கால் நனைத்துத் திரும்புவதற்குள் மணலில் படுத்திருக்கும். பழி கடற்காற்றின் மீதும் அக்கம்பக்கத்துப் பொடியன்கள் மீதும் விழும். இரு தரப்பும் நிரபராதிகள் என்பதே இவ்வாய்வின் துணிபு.

குற்றவாளி, பக்க ஸ்டாண்டின் நுனி. அதன்மேல் 20 கிலோகிராம் பாரம் இறங்குகிறது என்று கொள்வோம். விசை ஏறத்தாழ 200 நியூட்டன். நுனியின் பரப்பளவு 10 சதுர சென்ரிமீற்றர். வகுத்தால் அமுக்கம் 2 இலட்சம் பாஸ்கல். வளிமண்டலம் முழுவதும் நம்மை அமுக்குவது இதில் பாதிதான். காய்ந்த மணல் எம்மாத்திரம்? நுனி புதையப் புதைய வண்டி சாய்கிறது. சாயச் சாய ஸ்டாண்டின்மேல் பாரம் கூடுகிறது. வட்டி குட்டி போடும் கணக்கு இது. பிள்ளையை டேங்கின்மேல் இருத்திப் படம் எடுப்போர் முதலையும் கூட்டுகிறார்கள்.

பரிகாரங்களுள், நுனியின் கீழ் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது பலவீனமானது. மணலைத் தொடுவது விளிம்பு மட்டுமே. அதன் சுற்றளவு 35 சென்ரிமீற்றர், தடிப்பு 3 மில்லிமீற்றர் என்றால், பெருக்கி வருவது மறுபடியும் அதே பத்துச் சொச்சம்! உள்ளே மணல் நிரம்பி முட்டும்வரை சிரட்டையும் கூடவே இறங்கும். செருப்பை வைத்தாலோ, அதன் பரப்பளவு 200 சதுர சென்ரிமீற்றர். கணக்குப்படி அமுக்கம் இருபதில் ஒன்றாகிவிட வேண்டும். ஆனால் இறப்பர் நடுவில் குழிந்துவிடுவதால் முழுப் பரப்பும் வேலை செய்யாது. போதாததற்கு உடையவர் ஒற்றைச் செருப்போடு சுடுமணலில் நொண்ட வேண்டும். வளையாத பலகைத் துண்டே உத்தமம்.

"மச்சான், பலகத் துண்டு ஒண்டு கெடக்கா பாரு" என்ற குரலுக்கு விஞ்ஞான மரபு உண்டு. 1648இல் பாதரசக் குழாயோடு புய் த டோம் மலையில் ஏறிப் பார்க்க வேண்டியிருந்தபோது, பாஸ்கல் தாம் ஏறவில்லை. அக்காவின் கணவரை ஏற்றினார். 1971இல் அமுக்கத்தின் அலகுக்குக் கிடைத்த பெயரோ பாஸ்கலுடையது. மச்சான்மார் இதைக் கவனிக்க.

சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவர்கள் ஈரமணலிலும் இதை அளந்து பார்க்கலாம். அதுவரை, பலகை இல்லாதோர் வண்டியைத் தார் வீதியிலேயே விட்டுவிட்டு நடந்து வருக.